சிலர் வேறுவிதமாகச் சொல்வர்

இந்த டீயில் சர்க்கரை தூக்கல் என்று அந்த ஏட்டையா வருத்தப்பட்டுக்கொண்டே கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை மேடம். வெல்லக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவளுக்கு எந்த டீயும் சப்பென்றுதான் இருக்கும்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்கு. தை பிறப்பதற்கு முன்னால் உலகநாதன் ஐயா தன்னுடைய கொட்டகையிலேயே, கொதிக்கிற கொப்பரையில் விழுந்து இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு நான் கொடுத்த சாட்சியைத் திரும்பப் படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கி, கேஸ் கட்டைக் கோர்ட்டுக்கு அனுப்பவேண்டும். நானும் கடை ஷட்டரைப் பாதிதான் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். உடனே திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

உங்கள் ரைட்டர் நன்றாகவே படித்தார். ‘கொப்பரை விளிம்பில் கிடந்த பாகைக் கழுவாமல் விட்ட வைத்தியலிங்கம் என்பவரின் அஜாக்கிரதையால் கால் வழுக்கி’ என்று வந்தது. அது நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் காதால் கேட்கும்போது ஒரு குறை தெரிந்தது. அதில் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. பழைய புராணக் கையேடு ஒன்றில் வேலை பார்த்தவளுக்கு அது உறுத்தும். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், அவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்கு பைண்டிங், எல்லாம் செய்வேன். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்துத் தடவை திருத்துவார்கள், மாமன் பெயர் விட்டுப்போச்சு, சித்தப்பா போட்டோ சின்னதாக இருக்கிறது என்று. சாவு வீட்டில் ஒரே புரூஃப்தான். அதனால் எனக்குச் சாவு வேலை பிடிக்கும். உலகநாதன் ஐயா போஸ்டரும் என் கடையில்தான் போட்டது. போட்டோ நான் தேர்ந்தெடுத்தது. ஊரே நன்றாக இருக்கிறது என்றது.

ஐயாவுக்கு எங்கள் ஊரில் நெல்லும் கரும்புமாக நிறைய நிலம். வெல்லக் கொட்டகையும் அவருடையதே. அதோடு பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கிரேக்கப் புராணக் கையேடு ஒன்று இருந்தது. மூலம் எழுதி ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பார். அவரிடம் இருந்தது இந்தக் காலத்துப் பதிப்பு. ஒரு பக்கம் கிரேக்கம், எதிர்ப் பக்கம் பிரெஞ்சு, அடியில் பொடி எழுத்தில் குறிப்பு. சில பக்கத்தில் கதை நாலு வரி இருக்கும், குறிப்பு நாற்பது வரி இருக்கும். இதைத் தமிழில் கொண்டுவரவேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பிரெஞ்சைப் படித்து அர்த்தம் சொல்வார். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதுவேன். ‘அவன் இன்னா பண்றான்னா, தம்பிக்காரன் புள்ளைங்கள வெட்டி, கொழம்பு வெச்சு, தம்பிக்கே ஊத்திடறான்’ என்பார். நான், ‘அவன் தன் தம்பியின் மக்களைக் கொன்று சமைத்துத் தம்பிக்கே விருந்திட்டான்’ என்று அடிப்பேன். அடுத்த வரியில் அவன் பாட்டுக்கு வேறு ஊருக்கு ஆளப் போய்விடுவான். அந்தக் கையேட்டுக்காரர் மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை. யார் யாருக்குப் பிறந்தான், யாரை யார் கொன்றான், பிறகு எங்கே போனான், அவ்வளவுதான். எங்கள் தெருவில் சாவுச் செய்தி சொல்கிற மாதிரியே இருக்கும். எனக்கு அது கையில் நன்றாக ஓடியது.

எனக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான். அர்த்தம் முழுக்க ஐயாவுடையது. வாக்கியம் முழுக்க என்னுடையது. கரும்பு அவருடையது, காய்ச்சுகிற கை எங்களுடையது என்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையேட்டை யார் எழுதினார் என்றே யாருக்கும் தெரியாது. பழைய காலத்துப் பெரிய படிப்பாளி ஒருவரின் பெயரை எப்போதோ யாரோ தலையில் எழுதிவிட்டார்கள். காலம் ஒத்துவரவில்லை என்று பிற்காலத்துப் பதிப்பாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் பெயர் போகவில்லை. கடைசிப் பகுதி வேறு தொலைந்துபோயிற்று. யாரோ செய்துவைத்த சுருக்கத்தை வைத்துத்தான் வால் ஒட்டியிருக்கிறார்கள். இதே மாதிரி இன்னொரு கையேடும் உண்டு, லத்தீனில். அதற்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கையெழுத்துப் படி. அதை வைத்து அச்சுப் போட்ட பிறகு, அந்தப் படியையே கிழித்து வேறு புத்தகங்களுக்கு அட்டை கட்டிவிட்டார்களாம். ஐயா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ‘ச்சொ ச்சொ’ கொட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் பைண்டிங் போடுகிறவள்.

எனக்கு அந்தக் கையேட்டில் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒரு கதையைச் சொல்லிவிட்டு, ‘சிலர் வேறுவிதமாகச் சொல்வர்’ என்று ஒரு வரி வரும். இவனைக் கொன்றது அம்பு. சிலர் வேறுவிதமாகச் சொல்வர், பாம்பு என்பர். இவள் இன்னாருடைய மகள். சிலர் வேறுவிதமாகச் சொல்வர். எது பொய் என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். எல்லாருக்கும் அரை வரி இடம் கொடுத்துவிட்டு மேலே போய்விடுவார். முதல் தடவை அந்த வரியை அடித்தபோது நான் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன். ‘இன்னா, கரண்ட் போச்சா?’ என்று ஐயா கேட்டார்.

காரணம் என் அப்பா. ஐயா கொட்டகையில் வெல்லம் காய்ச்சியவர் அவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது கொப்பரையில் தவறி விழுந்து இறந்தார். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஐயா வீட்டில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் சாராயம் மலிவு, சொன்னால் யாரும் நம்புவார்கள். காய்ச்சுகிற நாளில் அவர் தொடமாட்டார், விளிம்பில் ஒரு செங்கல் ஆயுதபூசையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது, சொல்லிச் சொல்லிப் பார்த்தார் என்று அம்மா சொன்னாள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை மேடம், தகவலுக்குச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பிறகு வைத்தியலிங்கம் மாமா காய்ச்ச வந்தார். செங்கல்லையும் மாற்றினார்கள்.

மார்கழியில் புத்தகம் முடிந்தது. கடைசிப் புரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மசி.

“இன்னா புவனா இது, சிலர் சொல்வர், சிலர் சொல்வர்னு. யாரு அந்தச் சிலரு? ஒன் கடை வாசல்ல நின்னு டீ குடிக்கிறவனா?”

“புஸ்தகத்துல அப்படித்தானுங்க ஐயா இருக்குது.”

“இருந்தா? படிக்கிறவனுக்கு ஒரே கதையா இருந்தாத்தான் புரியும். எல்லாத்தையும் அடிச்சுட்டேன், நீ எடுத்துடு.”

அப்போது அவர் மடியில் இருந்த பக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கிழட்டு ராசாவை அவன் மகள்களே வெட்டிக் கொப்பரையில் போட்டு வேகவைக்கிற கதை. வெந்தால் வாலிபனாகிவிடுவான் என்று ஒரு சூனியக்காரி அவர்களை நம்பவைத்துவிடுகிறாள். ஆகவில்லை. ஒருத்தி மட்டும் அப்பன்மேல் கை வைக்கவில்லை என்று சிலர் சொல்வர். அந்த ஒருத்தியின் மேல்தான் சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

“அப்ப எது ஐயா நெசம்?”

“நான் வெச்சதுதான்.”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார். “ஏன், ஒங்கப்பன் கதைய எடுத்துக்கயேன். குடிச்சான், வுழுந்தான். ஊர்ல ரெண்டாவது கதை எதனா ஓடுதா? ஓடல. அவ்ளோதான் விஷயம். முறுக்கு எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டேன். நல்ல முறுக்கு, ஓமம் போட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு உதாரணத்துக்குச் சொன்னார்.

அட்டை மாதிரியையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘தமிழில்: உலகநாதன்’ என்று இருந்தது. உள்ளே நன்றிப் பக்கத்தில் மனைவிக்கு, மகளுக்கு, அவருக்குக் கண் ஆப்பரேஷன் செய்த டாக்டருக்கு, அதற்கும் கீழே ‘கணினி அச்சு: புவனேஸ்வரி’. இதை ஒரு காரணமாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் ரைட்டரிடம் சொல்லுங்கள். பெயருக்கெல்லாம் ஆசைப்படுகிறவள் இல்லை நான். அந்த வரிகளுக்காகத்தான் செய்தேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொங்கல் வெல்லத்துக்கு முதல் கொப்பரை ஏற்றும் நாளில், முதல் அகப்பைப் பாகை உடைமைக்காரர் தன் கையால் எடுத்துத் தலைவாழை இலையில் விடவேண்டும். அது அம்மனுக்கு. செருப்பில்லாமல் விளிம்புமேல் ஏறி நின்று எடுப்பார். இலை பிடிக்கிற உரிமை காய்ச்சுகிற குடும்பத்துக்கு. வைத்தியலிங்கம் மாமாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அதனால் அது எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. வருஷா வருஷம் அந்த ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போவேன். இலை பிடிக்கிறவள் ஒரு கையில் இலையை வைத்துக்கொண்டு, மறுகையால் உடைமைக்காரரின் இடுப்பில் கட்டிய துண்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். குனிகிறவர் முன்னால் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா.

இன்னொன்று. முதல் பாகில் கண் படக்கூடாது. மற்றவர்கள் எல்லாரும் கொட்டகைக்கு வெளியே போய், முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். பம்பை மேளம் அடித்துக்கொண்டே இருக்கும். இலை பிடித்தவள் ‘ஆச்சு’ என்று குரல் கொடுக்கும்வரை ஒருவரும் திரும்பமாட்டார்கள். திரும்பினால் அந்த வருஷத்து வெல்லம் கசக்கும் என்று நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் திரும்பமாட்டார்கள்.

அன்றைக்கு வைத்தியலிங்கம் மாமா விளிம்பை இரண்டு தடவை கழுவித் துணியால் துடைத்தார். சுண்ணாம்பு போட்டு அழுக்கெல்லாம் எடுத்து, பாகு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ‘புள்ள, துண்ட நல்லா புடிச்சுக்க’ என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார். பம்பை தொடங்கியது. ஐயா ஏறி நின்றார். நல்ல வெயில். ஐயா சந்தோஷமாக இருந்தார். ‘பொங்கல் முடிஞ்சதும் புஸ்தகம் வெளியீடு, ஞாபகம் வெச்சுக்க’ என்றார். ‘சிலருங்களையெல்லாம் எடுத்துட்டியா?’ என்று கேட்டுக்கொண்டே குனிந்தார்.

இனி நடந்ததைக் கையேட்டு முறையில் சொல்கிறேன்.

அவர் பாகை மொள்ளக் குனிந்தபோது கால் வழுக்கிக் கொப்பரையில் விழுந்தார். இது உங்கள் தாளில் இருக்கிறது.

சிலர் வேறுவிதமாகச் சொல்வர். முறையாகப் படையல் போடாததால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்பர். இதைச் சொல்கிறவர்கள் ஊரில் பாதிப்பேர். அவர் வீட்டுச் சமையல்காரம்மா தையலம்மாள்கூட அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். அம்மனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இன்னும் சிலர், துண்டைப் பிடித்திருந்தவள் கை வியர்த்து, பிடி நழுவிவிட்டது என்பர். இப்படிச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் நான் மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் விழுந்த பிறகு நடந்தவற்றில் வேறு கதை கிடையாது. ஒன்றுதான். முதலில் இலையை ஓரமாக வைத்தேன், அது சாமிக்கு வைக்கிற இலை. அடுப்பைக் குறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் தீ வைத்தியலிங்கம் மாமாவின் வேலை, கொட்டகையில் அடுத்தவர் வேலையில் கை வைப்பது வழக்கமில்லை. அகப்பை அவர் கையிலிருந்து நழுவி விளிம்பிலேயே கிடந்தது, அதில் அவர் மொண்ட பாகு மிச்சம் இருந்தது. அதை ஐயா நின்ற இடத்தில் ஊற்றினேன். கொஞ்சம் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா சத்தம் போட்டார். ஆனால் பம்பை அடித்துக்கொண்டிருந்தவர் கெட்டிக்காரர், காட்டேரிக்குப்பத்து ஆள். சத்தம் எல்லாம் ஓய்ந்த பிறகு, வழக்கப்படி ‘ஆச்சு’ என்று குரல் கொடுத்தேன்.

பம்பை நின்றது. எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

அந்தக் கொப்பரை முழுக்க வீண். கீழே கொட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு உங்களுக்கு முன்னால் இருந்த எஸ்.ஐ. வந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தார், விரல் ஒட்டியது. ‘யாரு இதைக் கழுவணும்?’ என்று கேட்டார். வைத்தியலிங்கம் மாமா ‘நான்தானுங்க’ என்றார். ‘கழுவினியா?’ என்றார். மாமா அந்தப் பாகையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘கழுவினாப்பலதான் இருக்குதுங்க’ என்றார். அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வயதானால் அப்படித்தான். பிறகு என்னிடம் கேட்டார்கள். கழுவவில்லை என்றேன். நம்பும்படியாக இருந்தது.

இப்போது உள்ளே வரும்போது வாசல் பெஞ்சில் மாமாவும் அவர் மனைவி அம்மணி அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஒரு மஞ்சள் பையில் அவருக்கு லுங்கியும் போர்வையும் வைத்திருந்தாள். இன்றைக்கே உள்ளே போட்டுவிடுவீர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கடி புவனா. எங்க வூட்டுக்காரரு வெளிம்பக் கழுவாத நாளு ஒண்ணு உண்டா, நீயே சொல்லு. நீ ஒருத்தியாவது வேற மாதிரி சொல்லேன்.”

“வுடு அம்மணி,” என்றார் மாமா. “அந்தப் புள்ள பாத்தத அது சொல்லுது. நாமதான் திரும்பி நின்னுக்கினு இருந்தமே.”

எங்கள் அம்மா இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாளா, அப்போது இங்கே பெஞ்சு இருந்ததா என்று தெரியவில்லை. நான் அத்தையிடம் ‘சரி அத்தை’ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். யாராவது கேட்டால் அரை வரி இடம் கொடுப்பதுதான் முறை.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வைத்தியலிங்கம் விளிம்பைக் கழுவினார். துண்டு நழுவவில்லை. வியர்வை எல்லாம் நான் பிற்பாடு சேர்த்தது. துண்டை விட்டுவிட்டு, அதே கையை அவர் முதுகில் வைத்துத் தள்ளினேன். ஐயா கனமான ஆள்தான், ஆனால் குனிந்திருந்தார். என் பெயரை முழுதாக எழுதுங்கள், இனிஷியலோடு. தகப்பனார் பெயரும் வேண்டும்.

அப்பாவுக்காகச் செய்தாயா என்று கேட்காதீர்கள் மேடம். அப்படிச் செய்ய இருபது வருஷமாக நேரம் இருந்ததே. அந்த வரிகளுக்காகத்தான். ஊமையாய்ப் போனவர்களுக்கு உலகத்தில் அந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அதையும் அவர் சிவப்பு மசியில் அடித்தார். ஒருவர் தடுக்கவேண்டியிருந்தது.

ஆமாம், நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தப் புத்தகம்தான். நேற்றுதான் கட்டி முடிந்தது, முதல் பிரதி உங்களுக்கென்று கொண்டுவந்தேன். ‘அப்பா ஆசைப்பட்டது, நீங்களே பாத்துப் போட்டுடுங்கக்கா’ என்று அவர் மகள் கார்த்திகா போனில் அழுதாள். போட்டுவிட்டேன். அட்டையை அவள் இன்னும் பார்க்கவில்லை. ‘தமிழில்: புவனேஸ்வரி’, ஆமாம், ஒரே பெயர்தான். இரண்டு பெயர் போட்டால் அட்டை நெரிசலாக இருந்தது. அவரை விட்டுவிடவில்லை, நன்றிப் பக்கத்தைப் பாருங்கள். பைண்டிங்குக்கு நூல்கண்டு சப்ளை செய்கிற ஆண்டனி அண்ணனுக்குக் கீழே ‘பிரெஞ்சு வாசிப்பு: உலகநாதன்’. அட்டை கெட்டியாக இருக்கிறது அல்லவா? உள்ளே ஒட்டியிருப்பது அவர் சிவப்பு மசியில் திருத்திய தாள்கள்தான். நல்ல கனமான பேப்பர், வீணாக்க மனம் வரவில்லை.

அந்த வரிகளைத் தேடுகிறீர்களா? அந்த ராசா கதையில் பார்க்கிறீர்களா?

அதில் இல்லை மேடம். எதிலும் இல்லை. பதினாறு பக்கம் சேர்ந்தால்தான் அச்சுக் கணக்கில் ஒரு பாரம். அந்தச் சிலர்களால் புத்தகம் கடைசிப் பாரத்துக்கு மேலே கொஞ்சம் பிதுங்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் எடுத்தேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் படிக்கிறவர்களுக்கும் ஒரே கதையாக இருந்தால்தான் புரியும்.

எது நிஜம் என்றா கேட்கிறீர்கள்? நான் வைத்ததுதான்.